ராஜா முகம் காட்டுவாரா?

போன இதழில், ஆங்கிலேயத் தூதர் தாமஸ் ரோ ஜஹாங்கீருக்குக் கொண்டுவந்த கோச் வண்டியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வண்டிக்குள் போட்டிருந்த துணி பாதுஷாவுக்குப் பிடிக்கவில்லை, பிய்த்துப் போட்டுவிட்டுச் சரிகை வெல்வெட் தைக்கச் சொன்னார். பித்தளை ஆணிகளைப் பிடுங்கி வெள்ளி ஆணி அடிக்கச் சொன்னார். அவ்வளவுதான் செய்தி. அதற்கு இத்தனை கடிதங்கள் வருமென்று நினைக்கவில்லை. ஆகவே இந்த இதழ் முழுக்க ராஜாக்கள்தான். வேறு கேள்வி அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: டிவி தொடர்களில் எல்லா அரசர்களும் ஒரே மாதிரி சிம்மாசனத்தில் உட்கார்ந்து மீசையை முறுக்குகிறார்கள். நிஜத்திலும் அப்படித்தான் இருந்தார்களா? நேரில் பார்த்த வெளிநாட்டுக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?
(கல்லூரி மாணவி, கும்பகோணம்)

பதில்: முப்பத்திரண்டு வருஷம் வரலாற்று வாத்தியாராக இருந்து நான் கண்டுபிடித்த ஒரே சூத்திரத்தை உனக்குச் சொல்லிவிடுகிறேன் அம்மா. பழைய பயணக் குறிப்பு எதைக் கையில் எடுத்தாலும் முதலில் இதைத் தேடு: அந்த ராஜா ஜனங்களுக்கு முகம் காட்டினாரா, மறைந்திருந்தாரா? மீசையும் சிம்மாசனமும் அப்புறம்.

ஜஹாங்கீர் முகம் காட்டியவர். 1616 ஜனவரியில் அஜ்மீரில் அவரைச் சந்தித்த ரோ, பாதுஷாவின் நாளைப் பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரி எழுதி வைத்திருக்கிறார். விடிந்ததும் மைதானத்தைப் பார்த்த ஒரு ஜன்னலில் வந்து உட்காருவார். ஜரோகா என்பது அதுதான். கீழே சாதாரண ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். நண்பகலில் அதே ஜன்னலிலிருந்து யானைச் சண்டை பார்ப்பார். பிற்பகலில் தர்பார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு குஸல்கானா என்ற உள் அறையில் வேண்டியவர்களோடு பேச்சும் மதுவும்.

ரோவுக்கு இதில் ஒன்று பளிச்சென்று பட்டது. குடிகளெல்லாம் ராஜாவுக்கு அடிமை என்றால், ராஜா இந்த டைம்டேபிளுக்கு அடிமை. காரணம் சொல்லாமல் ஒரு நாள் முகம் காட்டாவிட்டால் ஊர் கலகத்தில் இறங்கிவிடும். இரண்டு நாள் என்றால் எந்தக் காரணமும் எடுபடாது, கதவைத் திறந்து சிலரையாவது உள்ளே விட்டு ‘ஆள் இருக்கிறார்’ என்று காட்டியாக வேண்டும் என்று எழுதினார்.

மிகைப்படுத்துகிறார் என்று தோன்றுகிறதா? அப்படியே 1657 செப்டம்பருக்கு வா. டெல்லியில் ஷாஜஹானுக்கு உடம்பு சரியில்லாமல் போய்ச் சில நாள் ஜரோகாவுக்கு வரவில்லை. பாதுஷா செத்துவிட்டார் என்று வதந்தி கிளம்பியது. பிறகு அவர் வந்து முகம் காட்டியும் பயனில்லை, செய்தி வங்காளத்துக்கும் குஜராத்துக்கும் தக்காணத்துக்கும் பறந்துவிட்டது. மூன்று இடத்திலும் அவருடைய மகன்கள். வங்காளத்தில் ஷூஜா முடிசூட்டிக்கொண்டார், குஜராத்தில் முராத் முடிசூட்டிக்கொண்டார், தெற்கே ஔரங்கசீப் படையோடு கிளம்பினார். 1658-இல் ஆக்ரா கோட்டையில் அடைபட்ட ஷாஜஹான் 1666-இல் சாகும்வரை வெளியே வரவில்லை. ஒரு ஜன்னல் சில நாள் காலியாக இருந்ததற்கு இவ்வளவு விலை. ஜெயித்த ஔரங்கசீப், மனிதனைப் பார்த்துக் கும்பிடுவது தப்பு என்று அந்த ஜன்னல் தரிசனத்தையே பிற்பாடு நிறுத்தினார் என்பது தனி வேடிக்கை.

ஜன்னலில் இன்னொரு காட்சி. 1616 கடைசியில் ஜஹாங்கீர் அஜ்மீரை விட்டுக் கிளம்பும்போது ரோ பார்த்தது. பாதுஷா யாருக்காவது எதாவது கொடுத்தால், உருளையில் சுற்றிய பட்டுக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குகிறார்கள். கீழேயிருந்து வரும் காணிக்கையை, உடம்பெல்லாம் நகை பூட்டிய ஒரு பருத்த கிழவி இன்னொரு துவாரம் வழியாகக் கயிறு போட்டு மேலே இழுக்கிறாள். பக்கத்து ஜன்னலில் நாணல் தட்டி. அதில் ஓட்டை போட்டு ராணிகள் இரண்டு பேர் ரோவை எட்டிப் பார்த்தார்கள். முதலில் விரல்கள் தெரிந்தன, அப்புறம் ஒரு கண், அப்புறம் முகம். வைரமும் முத்தும் மின்னின. அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள், என்னைப் பார்த்துத்தான் சிரித்திருப்பார்கள் என்று அவரே எழுதுகிறார். இந்த ஒரு வரிக்காக எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.

கிட்டத்தட்ட இதே காலத்தில் பெய்ஜிங்கில் எல்லாம் தலைகீழ். இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி, மணியடிக்கும் கடிகாரங்களைக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு 1601-இல் மிங் தலைநகரத்துக்குள் போனார். பேரரசர் வான்லி அவரைச் சந்திக்கவே இல்லை. வெளிநாட்டான் என்பதால் அல்ல. பல வருஷங்களாகத் தன் சொந்த அதிகாரிகளுக்கே அவர் முகம் காட்டுவதில்லை. ரிச்சி முறைப்படி அரண்மனைக்குப் போய், காலியாக இருந்த சிம்மாசனத்தின் முன் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார். ஆனால் இந்த விசித்திர மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்று பார்க்கப் பேரரசருக்கும் ஆசை. என்ன செய்தார் தெரியுமா? ஓவியர்களை அனுப்பி, பாதிரியார்கள் இரண்டு பேரையும் முழு உருவமாக வரைந்து வரச் சொன்னார். வழக்கத்தை மீறவும் முடியவில்லை, ஆசையை அடக்கவும் முடியவில்லை.

சீனத்தில் ராஜாவின் முகத்துக்கு அவ்வளவு வேலை இல்லை, காகிதத்துக்குத்தான் வேலை. மனு மேலே போகும், உத்தரவு கீழே வரும், நடுவில் அரண்மனை அலிகள். நாற்காலி காலியாக இருந்தும் வான்லியின் ஆட்சி 1620 வரை, ஏறக்குறைய நாற்பத்தெட்டு வருஷம் ஓடியது. ஜஹாங்கீர் நாற்பத்தெட்டு மணி நேரம் மறைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது உனக்கே தெரியும்.

மூன்றாவது ரகமும் உண்டு. பாரசீகத்து ஷா அப்பாஸ். இஸ்பஹான் கடைத்தெருவில் ஆள் அம்பு இல்லாமல் நடப்பார், கடையில் விற்பதை வாங்கித் தின்பார், கண்டவர்களோடு பேசுவார் என்று அங்கிருந்த பாதிரியார்கள் எழுதியிருக்கிறார்கள். ராஜாவாக இருப்பது என்றால் இப்படி இருக்க வேண்டும், ஸ்பெயின் ராஜா மாதிரி சடங்குகளுக்குள் அடைபட்டுக் கிடப்பதில் என்ன சுகம் என்று அவர்களிடமே கேட்டாராம்.

கேள்வி: கிருஷ்ணதேவராயர் தினமும் காலையில் நல்லெண்ணெய் குடித்தார் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பலாமா? நானும் குடிக்கலாமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: முதல் கேள்விக்கு ஆமாம். இரண்டாவதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

சொன்னவர் டொமிங்கோ பயஸ் என்ற போர்ச்சுக்கீசியர். 1520 வாக்கில் விஜயநகரத்தில் இருந்தவர். அவர் கணக்குப்படி, ராயர் பொழுது விடிவதற்கு முன்பே எழுந்து முக்கால் பைண்ட் நல்லெண்ணெய் குடிப்பார். நம் கணக்கில் இரண்டு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே எண்ணெயை உடம்பு முழுக்கப் பூசிக்கொள்வார். பிறகு கோவணம் கட்டிக்கொண்டு, மண்ணால் செய்த கனமான குண்டுகளைக் கைகளில் தூக்குவார், வாள் வீசுவார். குடித்த எண்ணெயெல்லாம் வியர்வையாக வெளியே வரும்வரை வீச்சு நிற்காது. அப்புறம் ஒரு மல்லனோடு குஸ்தி. அது முடிந்து குதிரையேறி வெளியை இப்படியும் அப்படியும் சுற்றி வருவார். இவ்வளவும் விடிவதற்குள். அதன் பிறகுதான் குளியல், அரண்மனைக்குள் இருந்த கோயில், ராஜாங்க வேலை. வாட்ஸ்அப் செய்தியில் எண்ணெய் மட்டும் வந்திருக்கும், குஸ்தி வந்திருக்காது. அதுதான் வாட்ஸ்அப்பின் குணம்.

பயஸ் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறவர். ராயர் நடுத்தர உயரம், ஒல்லி என்பதைவிடக் கொஞ்சம் பருமன், முகத்தில் அம்மைத் தழும்பு. நம் ஊர்க் காலண்டர்ப் படங்களில் அந்தத் தழும்பை யாரும் போட்டதில்லை. ரொம்ப உற்சாகமான மனிதர், நியாயஸ்தர், ஆனால் திடீர் திடீரென்று கோபம் பொத்துக்கொண்டு வரும் என்கிறார். குதிரை வியாபார விஷயமாகக் கோவாவிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியக் குழுவை ராயர் பார்த்தபோது, தங்க ரோஜா வேலைப்பாடு செய்த வெள்ளை உடுப்பும் கழுத்தில் வைர மாலையுமாக, வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். வந்தவர்களை அவ்வளவு பக்கத்தில் கூப்பிட்டு, ஒவ்வொருவரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம், பார்த்து அலுக்கவே இல்லையாம். இங்கே வேடிக்கை பார்க்க வந்தவனையே ராஜா வேடிக்கை பார்க்கிறார்.

கேள்வி: அயல்நாட்டுத் தூதர்கள் நம் ஆசிய மன்னர்கள் முன் விழுந்து வணங்க மறுத்தார்களே, அது ஆணவம் இல்லையா?
(வாசகர், மதுரை)

பதில்: ஆணவமும் உண்டு. ஆனால் தூதருக்கு முதுகு அவருடையதல்ல, அவருடைய ராஜாவுடையது. ரோவும் முதல் நாளே, என் ஊர் வழக்கப்படிதான் மரியாதை செய்வேன் என்று பேசி முடிவு கட்டிக்கொண்டார். ஜஹாங்கீர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், நடந்ததுதான் ரகளை. 1685 அக்டோபரில் அயுத்தயாவில் பதினான்காம் லூயியின் தூதர் ஷெவாலியே த ஷோமோன் மன்னர் நாராயின் சபைக்கு வந்தார். பெரிய அதிகாரிகளெல்லாம் தரையில் முகம் பதியக் கிடக்கிறார்கள். மன்னர் தெரிவது சுவரில் உயரத்தில் இருந்த ஒரு ஜன்னலில். பிரெஞ்சு ராஜாவின் கடிதத்தை நீளக் கைப்பிடி வைத்த தங்கக் கிண்ணத்தில் வைத்து, பிடியின் நுனியைப் பற்றி மேலே தூக்கி நீட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ஷோமோன் என்ன செய்தார்? நுனியைப் பிடிக்காமல், கிண்ணத்தின் கிட்டேயே பிடித்துக்கொண்டு, கையை உயர்த்தாமல் நின்றார். சயாம் அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்த கிரேக்கர் கான்ஸ்டன்டைன் ஃபோல்கன், தரையில் தவழ்ந்துகொண்டே ‘தூக்குங்கள், தூக்குங்கள்’ என்று ஜாடை காட்டுகிறார். இவர் அசையவில்லை. கடைசியில் நாராய் சிரித்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை வளைத்துக் குனிந்து கடிதத்தை எடுத்துக்கொண்டார். ‘குனிய வைத்துவிட்டோம்’ என்று பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெருமை. சிரித்தபடி குனிய முடிந்த ராஜாதான் அன்று சபையில் பெரிய ஆள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுவருஷம் இதற்கு மறுபக்கம். நாராயின் தூதர் கோசா பான் 1686 செப்டம்பரில் வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தில், தங்கள் ஊர் வழக்கப்படி லூயியின் முன் விழுந்து விழுந்து கும்பிட்டார், முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து வெளியேறினார். அண்ணாந்து அரசனைப் பார்ப்பது சயாமில் தப்பு. இவ்வளவு தூரம் வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டுத்தான் போகட்டுமே என்று லூயி அனுமதி கொடுத்தாராம். ஃபோல்கன் கதி? 1688-இல் நாராய் படுக்கையில் விழுந்ததும் அரண்மனைப் புரட்சி, ஃபோல்கன் தலை போயிற்று. ராஜாவை நெருங்கியவன் பாடு நெருப்பில் குளிர் காய்கிறவன் பாடு. ரொம்பக் கிட்டேயும் போகாதே, ரொம்ப விலகியும் நிற்காதே என்று ‘அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க’ குறளில் நம் ஆள் எப்போதோ சொல்லிவிட்டார்.

கேள்வி: ஜப்பானிய ஷோகன் வெளிநாட்டுக்காரர்களை நடனமாட வைத்தாராமே?
(வாசகி, சேலம்)

பதில்: ஆமாம், பாடவும் வைத்தார். டச்சு வியாபாரிகளின் டாக்டராகப் போன ஜெர்மானியர் எங்கல்பர்ட் கேம்ப்ஃபர் 1691-இலும் 1692-இலும் எடோவில் (இன்றைய டோக்கியோ) ஷோகன் சுனயோஷியின் முன் நின்றார். பேரரசர் பெயருக்கு இருக்க, நாட்டை நிஜமாக ஆண்ட படைத்தலைவர்தான் ஷோகன். ‘முன்’ என்றா சொன்னேன்? ஷோகன் பிரம்புத் திரைக்குப் பின்னால், பெண்களோடு. கோட்டைக் கழற்று, நட, ஒருவருக்கொருவர் வணக்கம் சொல், குதி, குடிகாரன் மாதிரி தள்ளாடு, உடைந்த ஜப்பானிய மொழியில் பேசு, படம் வரை, பாடு என்று உத்தரவு வந்துகொண்டே இருந்தது. கேம்ப்ஃபர் ஒரு ஜெர்மன் பாட்டுப் பாடினார். ஆனால் மனிதர் ஆடிக்கொண்டே ஒன்றைக் கவனித்திருக்கிறார்: நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் திரையின் இடுக்குகளில் காகிதத் துண்டுகளைச் செருகி அகலப்படுத்தியிருக்கிறார்கள். துண்டுகளை எண்ணிப் பார்த்தார், முப்பது வந்தது. சரி, உள்ளே அத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்.

இந்த சுனயோஷி நாய் வருஷத்தில் பிறந்தவர், நாய்களைக் காப்பாற்றக் கடுமையான சட்டங்கள் போட்டவர். செத்த நாயை மலைக்குச் சுமந்துபோய்ப் புதைக்க வேண்டும். சுமக்க முடியாமல் ஒரு விவசாயி ஷோகனின் பிறந்த வருஷத்தைச் சபிக்க, கூட வந்தவன் ‘வாயை மூடு, நல்லவேளை அவர் குதிரை வருஷத்தில் பிறக்கவில்லை’ என்றானாம். கேம்ப்ஃபர் எழுதிவைத்த ஜோக். திரைக்கு உள்ளே முப்பது பேர், வெளியே இந்தச் சிரிப்பு.

கேள்வி: நான் மூதூர்க்காரன். எங்கள் ஊர்ப் புளியமரத்தடியில்தான் ராபர்ட் நாக்ஸ் பிடிபட்டார் என்பார்கள். அவர் கண்டி ராஜாவைப் பற்றி எழுதியது பகையால் எழுதியதா?
(வாசகர், மூதூர், இலங்கை)

பதில்: வாருங்கள், உங்கள் ஊர்க் கதையை எனக்கும் ரொம்பப் பிடிக்கும். புயலில் பாய்மரம் போன கப்பலைச் சரிசெய்யக் கொட்டியாரக் குடாவுக்கு வந்து, 1660-இல் தகப்பனாரோடு பிடிபட்டபோது ஆங்கிலேய மாலுமி நாக்ஸுக்கு வயது பத்தொன்பது. அடுத்த வருஷமே அப்பா இறந்துவிட, மகன் கையாலேயே புதைக்க வேண்டியதாயிற்று. 1679 அக்டோபரில் அநுராதபுரம் வழியாகக் காட்டில் நடந்து அரிப்புக் கோட்டையில் டச்சுக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தார். பத்தொன்பதரை வருஷம். இவ்வளவு இழந்தவன் எழுதுவதில் கசப்பு இருக்கத்தான் செய்யும்.

ஆனால் அவர் சிறைக்குள் இல்லை என்பதுதான் விசேஷம். கண்டி ராஜா இரண்டாம் ராஜசிங்கன் வெள்ளைக்காரக் கைதிகளை ஊருக்கு ஒருவராகப் பிரித்துவிட்டு, சோறு போடும் பொறுப்பை ஊரார் தலையில் கட்டினார். நாக்ஸ் குல்லா பின்னி விற்றார், நெல்லைக் கடன் கொடுத்து வட்டிக்கு நெல் வாங்கினார். ஒரு குல்லாவைக் கொடுத்து ஓர் ஆங்கில பைபிள் வாங்கியது அவர் வாழ்க்கையிலேயே பெரிய வியாபாரம். இப்படி ஊரோடு வாழ்ந்தவர் என்பதால்தான், தர்பாருக்கு வந்து ஒரு மாதம் தங்கிப் போன தூதர்களுக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்தது.

ராஜசிங்கனின் உடுப்பை அவர் வர்ணிக்கும் இடத்தைப் பாருங்கள். எந்த நாட்டு மோஸ்தரும் இல்லை, அவரே கண்டுபிடித்த மோஸ்தர். ஜெசூட் பாதிரியாருடையது போல நான்கு மூலைக் குல்லா, அதுவும் மூன்று அடுக்கு. வண்டிக் குதிரையின் தலையில் நிற்பது மாதிரி முன்னால் ஒரு இறகு. சட்டையின் உடம்பு ஒரு நிறம், கை வேறு நிறம். கணுக்கால்வரை கால்சட்டை, காலுறை, செருப்பு. தோளிலிருந்து தொங்கும் தங்கப்பிடி வாள். கையில் வர்ணம் தீட்டிய சின்னப் பிரம்பு. பைத்தியக்கார வேஷம் என்று நாக்ஸுக்குப் பட்டிருக்கலாம். எனக்கு அப்படிப் படவில்லை. போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று ஆளாளுக்குக் கரையில் வந்து இறங்கிய காலம் அது. கைதிகளைச் சேர்த்த ராஜா அவர்கள் உடுப்பையும் சேர்த்துத் தைத்துக்கொண்டார் என்று படிக்கிறேன். 1672-இல் வந்த பிரெஞ்சுத் தூதன் காக்கவைத்தார்கள் என்று கோபித்துக்கொண்டு திரும்பிப் போக, அவனைப் பிடித்து அடித்துச் சங்கிலி போட்டார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு மேல் காத்துக் கிடந்த நாக்ஸுக்கு அதை எழுதும்போது கொஞ்சம் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. ராஜாவிடம் பேசும்போது குடிகள் ‘நான்’ என்று சொல்ல மாட்டார்கள், தன்னை நாய் என்பார்கள், பிள்ளைகளையும் நாய்க்குட்டிக் கணக்கில் சொல்வார்கள் என்று நாக்ஸ் அருவருப்போடு எழுதுகிறார். நாம் அப்படி ஆச்சரியப்பட வேண்டியதில்லை. ‘நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு’ என்று சிவபுராணம் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். சாமியிடம் பேசும் மொழியை ராஜாவிடம் பேசியிருக்கிறார்கள், ராஜாவும் அந்த இடத்தில்தான் தன்னை வைத்திருந்தார். லண்டன் மாலுமிக்கு அது நாயாக மட்டும் கேட்டது.

கேள்வி: ‘காட்சிக்கு எளியன் கடுஞ்சொல்லன் அல்லனேல்’ என்றார் வள்ளுவர். அப்படிப்பட்ட ஓர் அரசரை அந்த வெளிநாட்டார் எவரேனும் கண்டதுண்டா? அரசிகளைப் பற்றியும் தாங்கள் ஏதும் எழுதுவதில்லை.
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்)

பதில்: ஐயா, இரண்டு குற்றச்சாட்டுக்கும் ஒரே பதில். சுமத்ராவின் அச்சே நாட்டில் 1641 முதல் 1699 வரை அடுத்தடுத்து நான்கு ராணிகள் ஆண்டார்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டு, மங்களூருக்கு வருகிறேன்.

1623 கடைசியில் ரோமாபுரிப் பிரபு பியெத்ரோ தெல்லா வல்லே, உள்ளால் ராணியைப் பார்க்க மங்களூருக்கு உள்ளே ஒரு கிராமத்துக்குப் போனார். ராணி எங்கே என்று விசாரித்தால், எதிரே வயல் வெளியில் நடந்து வருகிறார். வெட்டிக்கொண்டிருந்த வாய்க்கால் வேலையைப் பார்க்கப் போகிற வழி. வெறுங்கால். இடுப்பில் முரட்டுப் பருத்தித் துணி, தலையில் ஒரு மெல்லிய துணி தோளில் விழுந்திருக்கிறது. ஓலைக்குடை ஒன்றை ஓர் ஆள் பிடித்து வருகிறான். வயது நாற்பது இருக்கும், நல்ல கறுப்பு. சமையல்கட்டுக்காரி மாதிரி இருந்தார் என்று தெல்லா வல்லே கூசாமல் எழுதினார். ஆனால் ராணி நின்று, கூப்பிட்டு, பேச ஆரம்பித்ததும் எழுத்தின் தொனியே மாறிவிடுகிறது: உடுப்பில் இல்லாத ராணி பேச்சில் இருந்தார் என்கிறார். ஊர் ஊராகப் பார்த்துவிட்டு எங்கள் காட்டுக்கு எதற்கு வந்தீர் என்று ராணி கேட்டார். பகலெல்லாம் வேலை நடக்கிற இடத்தில், ராத்திரி வெகுநேரம் வழக்கு விசாரணை. போர்ச்சுக்கீசியரோடு சேர்ந்த கணவனை விலக்கி, அவன் கொடுத்த நகைகளைத் திருப்பி அனுப்பியவரும் இவர்தான்.

காட்சிக்கு எளியர், சரி. கடுஞ்சொல் இல்லையா என்பதை அந்த முன்னாள் கணவனிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: நம் தமிழ்நாட்டு ராஜாக்களை யாரும் எழுதவில்லையா?
(வாசகர், திண்டிவனம்)

பதில்: உங்கள் பக்கத்து ஊர்தானே செஞ்சி. 1590களின் கடைசியில் நிக்கலஸ் பிமெண்டா என்ற ஜெசூட் பாதிரியார் கிருஷ்ணப்ப நாயக்கரைப் பார்த்திருக்கிறார். பட்டுக் கம்பளத்தில் இரண்டு திண்டுகளில் சாய்ந்தபடி இருந்தார், நீளப் பட்டு அங்கி, கழுத்தில் முத்தும் மணியும் கோத்த சங்கிலி, உச்சிக்கொண்டையிலும் முத்து. தாம்பூலம் கொடுத்ததைப் பாதிரியார்கள் மெல்லவில்லை என்பதில் நாயக்கருக்கு ஒரே ஆச்சரியம். வெற்றிலை போடாத மனுஷனா!

அதே பிமெண்டா சிதம்பரத்தையும் எழுதியிருக்கிறார். கோயிலுக்குள் நாயக்கர் பெருமாள் சன்னதி வேலையை நடத்தியபோது, எதிர்த்த அர்ச்சகர்கள் கோபுரத்திலிருந்து குதித்து உயிரை விட்டார்கள். நாயக்கர் வேலையை நிறுத்தவில்லை. வெற்றிலை நீட்டிய கையும் அதே கைதான்.

கேள்வி: வெள்ளைக்காரன் எழுதியதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறீர்களே!
(பெயர் வேண்டாம் என்று எழுதியவர், சென்னை)

பதில்: கோபம் நியாயம்தான். கண்ணால் கண்டதும் பொய் என்று பழமொழியே இருக்கிறது. நான் ஒரு வடிகட்டி வைத்திருக்கிறேன்: துணி, கயிறு, குல்லா, வெற்றிலை இதெல்லாம் வந்தால் நம்புவேன்; ‘இந்த நாட்டு ஜனங்களே இப்படித்தான்’ என்று வந்தால் யாருக்காக எழுதினான் என்று பார்ப்பேன். பெர்னியே என்ற பிரெஞ்சு டாக்டர், இங்கே நிலமெல்லாம் ராஜாவுக்கே சொந்தம், அதனால்தான் நாடு பாழ் என்று எழுதினார். யாருக்கு? பதினான்காம் லூயியின் நிதிமந்திரி கோல்பேருக்கு. அதில் டெல்லி எவ்வளவு, பாரிஸுக்குச் சொன்ன புத்திமதி எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். கேம்ப்ஃபரும் கியோட்டோவில் இருந்த பேரரசரைப் பார்த்ததே இல்லை. முற்காலத்தில் பேரரசர் தினமும் காலையில் கிரீடத்தோடு சிலைபோல அசையாமல் உட்கார்ந்திருப்பார், அசைந்தால் நாட்டுக்கு ஆகாது என்று காதில் விழுந்ததை எழுதினார். நல்ல கதை, அவ்வளவுதான்.

ரோ இந்த விஷயத்தில் யோக்கியர். 1617-இல் மாண்டுவில் ஜஹாங்கீருக்குப் பிறந்தநாள் துலாபாரம். ஒரு தட்டில் பாதுஷா, மறு தட்டில் மூட்டை மூட்டையாகத் தங்கம், வெள்ளி, ரத்தினம் என்கிறார்கள். மூட்டைக்குள் கூழாங்கல்லே இருந்தாலும் எனக்குத் தெரியாது என்று எழுதிவிட்டார்! பிறகு வெள்ளியில் செய்த மெல்லிய பழங்களையும் கொட்டைகளையும் வாரி இறைக்க, பிரபுக்கள் தரையில் விழுந்து பொறுக்கினார்கள். ரோ மட்டும் குனியவில்லை. பாதுஷா பார்த்துவிட்டு ஒரு தட்டு நிறைய அவர் அங்கியில் கொட்டினார், சுற்றி நின்ற பிரபுக்கள் அதற்குள்ளும் கைவிட்டு அள்ளிக்கொண்டார்கள்.

இதே ஜஹாங்கீர் விரிவாகத் தன் கதையை எழுதியவர். அறுபது மணி கட்டிய தங்கச் சங்கிலியை நியாயம் கேட்டு வருகிறவர்களுக்காகத் தொங்கவிட்டது (நம் ஆராய்ச்சி மணிக்குத் தம்பி), கொக்கு குஞ்சு பொரித்தது எல்லாம் அதில் உண்டு. மூன்று வருஷம் கூடவே அலைந்த ரோவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்கள் கோபத்துக்கு இது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

கேள்வி: இத்தனை பேரில் யாராவது ஒருவரைச் சந்திக்கலாம் என்றால் யாரை?
(பள்ளி மாணவன், நாமக்கல்)

பதில்: வான்லியின் அம்மாவை.

ரிச்சி கொடுத்த சின்னக் கடிகாரத்தைப் பேரரசர் பக்கத்தை விட்டு அகற்றவே மாட்டார். தாயாருக்கு அது காதில் விழுந்து, பார்க்க வேண்டும் என்று கேட்டு அனுப்பினார். பிடித்துப்போய் அவரே வைத்துக்கொண்டால்? அம்மாவிடம் இல்லை என்று சொல்லவும் முடியாது. அதனால் சாவி கொடுக்காமல், மணி அடிக்காதபடி அனுப்பச் சொன்னார் மகன். அந்த அம்மாள் வாங்கிப் பார்த்தார், பேசாத பெட்டி நமக்கெதற்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

நாலு பிள்ளைகளை வளர்த்த என் மனைவியிடம் இதைச் சொன்னேன். ‘அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?’ என்றாள். அதைத்தான் நேரில் கேட்க வேண்டும்.